மரப்பு ஊசியும் மில்லிகிராம் கணக்கும்: பயிற்சி மருத்துவர்களுக்கான செய்முறை

தையல் போடும் தட்டில் எடுத்து வைக்கும் மரப்பு மருந்தான 2 சதவீத லிக்னோகெய்ன் குப்பி பெரும்பாலும் 30 மி.லி. கொண்டது; அதில் 600 மி.கி. மருந்து இருக்கிறது. இரத்த நாளங்களைச் சுருக்கும் அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னுக்குப் பெரியவர்களுக்கான உச்ச வரம்பே 300 மி.கி.தான் என்பதால், பாதிக் குப்பியிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. ஆகவே சிரிஞ்சில் மருந்தை இழுப்பதற்கு முன்பே கணக்கை முடித்துவிட வேண்டும்.

படி 1: கணக்கு

சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால், ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்பது கிடைக்கும். 2 சதவீத லிக்னோகெய்னில் 20 மி.கி.; இன்னொரு மரப்பு மருந்தான 0.5 சதவீத பியூபிவகெய்னில் 5 மி.கி. கிலோவுக்கு இவ்வளவு என்ற வரம்பு, லிக்னோகெய்னுக்கு அட்ரினலினுடன் 7 மி.கி., பியூபிவகெய்னுக்கு 2 மி.கி. அட்ரினலின் இல்லாத லிக்னோகெய்னுக்கு 4.5 மி.கி. வரை அனுமதி உண்டு என்றாலும், புதியவர்கள் 3 மி.கி.யைப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அப்படியானால் 50 கிலோ எடையுள்ளவருக்கு 150 மி.கி., அதாவது 7.5 மி.லி. மட்டுமே.

காயம் பெரியதாக இருந்து அந்த அளவு போதாது என்று தோன்றினால், மருந்தைக் கூட்டாமல் அதே அளவு நார்மல் சலைனைக் கலந்து 1 சதவீதமாக்குங்கள். அதே 150 மி.கி. இப்போது 15 மி.லி.யாகப் பரவும், மரப்பும் போதுமான அளவில் இருக்கும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் போட்டால் நச்சும் கூடும். ஒன்றின் வரம்பில் பாதி போயிருந்தால், மற்றதிலும் பாதிதான் மிச்சம். முதியோர், கைக்குழந்தைகள், கல்லீரல் அல்லது இதயம் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இன்னும் குறைக்க வேண்டும்.

படி 2: ஊசி

ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, 3 முதல் 5 மி.லி. வீதம் நிறுத்தி நிறுத்திச் செலுத்துங்கள். இரத்தம் வரவில்லை என்பதற்காக ஊசிமுனை நாளத்துக்குள் இல்லை என்று நம்பிவிடக் கூடாது.

படி 3: பேச்சுக் கொடுத்தல்

நோயாளியிடம் பேசிக்கொண்டே இருங்கள். ‘நாக்கெல்லாம் மரமரன்னு இருக்கு டாக்டர், காதுல ஙொய்ங்னு கேக்குது’ என்று அவர் சொன்னால், அது பயத்தில் வந்த பேச்சு என்று ஒதுக்காமல் அந்த நொடியே ஊசியை நிறுத்த வேண்டும். வாயில் உலோகச் சுவை, குழறல், பதற்றம், தசைத் துடிப்பு ஆகியவையும் இதே வரிசையில் வருபவை, அடுத்தது வலிப்பு. பியூபிவகெய்னில் இந்த முன்னறிவிப்புகள் இல்லாமலே இதயம் நின்றுவிடலாம். இந்த ஆபத்தை 1979இலேயே ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற மயக்கவியல் மருத்துவர் எழுதி எச்சரித்தார்.

படி 4: நச்சு ஏறினால்

உதவிக்கு ஆள் அழையுங்கள். 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து மூச்சைக் காப்பாற்றுங்கள், ஏனெனில் ஆக்சிஜன் குறைவும் அமிலத்தன்மையும் நச்சை மேலும் கடுமையாக்கும். வலிப்புக்கு மிடசோலம். இதயம் நின்றால் உடனே மார்பழுத்தம் தொடங்குங்கள். அட்ரினலினைக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மிகாமல் கொடுங்கள். வாசோபிரசின், பீட்டா தடுப்பிகள், கால்சியம் தடுப்பிகள் வேண்டாம். இதயத்துடிப்பைச் சீராக்க மறுபடியும் லிக்னோகெய்ன் கொடுப்பது அறவே கூடாது.

உயிர் காப்பது 20 சதவீத லிப்பிட் எமல்ஷன், அதாவது ஊட்டத்துக்காக ஏற்றும் அந்த வெண்ணிறக் கொழுப்புத் திரவம். 70 கிலோவுக்குக் குறைந்தவருக்கு முதலில் கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் 2, 3 நிமிடங்களில் செலுத்தி, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. வீதம் தொடர வேண்டும்; மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டக் கூடாது. நிலை சீரான பின்னும், வலிப்பு மட்டும் வந்தவரை 2 மணி நேரமும், இதயம் பாதிக்கப்பட்டவரை 4 முதல் 6 மணி நேரமும் கண்காணிப்பில் வைத்திருங்கள்.

அந்த லிப்பிட் புட்டி உங்கள் மருத்துவமனையில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இன்றே போய்ப் பாருங்கள். ‘50 கிலோவுக்கு முதலில் 75 மி.லி.’ என்று எழுதி அதன் மேல் ஒட்டிவிட்டு வாருங்கள்.