ஆல்ப்ஸில் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஜூலையில் பெர்னிலிருந்து இரண்டு இளம் நண்பர்களைச் சுவிட்சர்லாந்தின் கெம்மிக் கணவாய்க்குக் கூட்டிப் போனேன். லொய்கர்பாட் ஊரிலிருந்து கேபிள் காரில் ஏறினால் 2,300 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். எதிரே டவுபன் ஏரி, சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை. இருவருக்கும் அதுதான் முதல் மலைப் பயணம். பத்தாண்டுகளுக்கு முன் இதே பாதையில் நான் செய்த தவறுகளை அவர்கள் ஒவ்வொன்றாகச் செய்வதைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்குப் பேசாமல் இருந்தேன். ஒன்றுக்கு மட்டும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பளிச்சென்ற சட்டை, உரத்த பேச்சு, மழைக்கோட்டை மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறத்தை வைத்துத் தாடிப் பாறு எது என்று அடையாளம் காண்பது

இங்கே வருகிற எல்லோருக்கும் தாடிப் பாறு என்ற பெரிய பிணந்தின்னிப் பறவையைப் பார்த்துவிட வேண்டும். நியாயமான ஆசைதான். ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போகிறது என்று நம்பி மக்கள் அதைச் சுட்டே அழித்தார்கள். 1913 இல் இத்தாலியின் ஆவோஸ்டாப் பள்ளத்தாக்கில் கடைசிப் பறவை சுடப்பட்டு விழுந்ததோடு ஆல்ப்ஸில் அதன் கதை முடிந்தது. 1986 இல் ஆஸ்திரியாவில் வளர்ப்புக் குஞ்சுகளைக் காட்டில் விடத் தொடங்கினார்கள். 1997 இல் பிரான்சுப் பக்கத்தில் முதல் குஞ்சு காட்டிலேயே பொரிந்து பறந்தது. இன்று தலைக்கு மேல் போகும் ஒவ்வொன்றும் அந்த உழைப்பால் வந்தது.

ஆனால் புதியவர்கள் நெஞ்சில் ஆரஞ்சு நிறத்தைத் தேடுகிறார்கள். அந்த நிறம் இறகோடு பிறந்ததல்ல. இரும்புச் சத்துள்ள சேற்றில் புரண்டு பூசிக்கொள்வது. இளம் பறவை பெரும்பாலும் கருத்திருக்கும், அதைப் பொன்னிறக் கழுகு என்று தள்ளிவிடுவார்கள். வாலைப் பாருங்கள். பாறுக்கு நீண்டு, ஆப்புப் போலக் கூர்ந்து முடியும் வால். கழுகு வட்டமிடும்போது சிறகுகளைச் சற்றே மேலே உயர்த்திப் பிடிக்கும். பாறின் சிறகுகள் நீண்டு ஒடுங்கி, நுனி லேசாகத் தாழ்ந்திருக்கும்.

விடிவதற்கு முன் போனால்தான் எல்லாம் கிடைக்கும் என்று நினைப்பது

சிறு பறவைகளுக்கு அது சரி. பாறும் கழுகும் பாறை சூடேறி வெப்பக்காற்று எழும்பும் வரை பெரும்பாலும் காத்திருக்கும். பத்து மணிக்குச் சோர்ந்து தலையைக் குனியாதீர்கள்.

பனிக்கோழியைப் பின்தொடர்வது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஜெர்மன் மொழியிலும் இதற்குப் பெயர் பனிக்கோழிதான். குளிர்காலத்தில் வெண்பனி நிறம், கோடையில் பாசி படர்ந்த கல்லின் நிறம். விரல் நுனி வரை இறகு மூடிய கால்கள். மனிதரைக் கண்டவுடன் பறப்பதில்லை, அசையாமல் ஒடுங்கிக்கொள்ளும். அதனால் பலர் இதைச் சாதுவான பறவை என்று எண்ணிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் எண்ணினேன். முதல் வருடம், லெம்மரன் சமவெளிக்கு மேலே, தூறலில், ஒரு பெட்டைக்கோழி பாதையோரத்திலிருந்து எழுந்து சிறகை இழுத்துக்கொண்டு தடுமாறி ஓடியது. பாதையை விட்டு இறங்கிப் பின்னாலேயே போனேன். நான் நின்றால் அது நின்றது, நடந்தால் நடந்தது. இருபது நிமிடம். அறுபது படம். மாலையில் மலைக்குடிலில் ஒரு முதியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் அந்தச் சிறகைப் பார்த்துவிட்டு, "குஞ்சுகள் எந்தப் பக்கம் இருந்தன?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தச் சிறகில் அடியே படவில்லை. அடிபட்டதுபோல் நடித்து அந்தத் தாய் என்னைக் குஞ்சுகளிடமிருந்து விலக்கிக் கூட்டிப் போயிருக்கிறது. குஞ்சுகள் கல்லுக்குள் கல்லாக, நான் முதல் அடி வைத்த இடத்தைச் சுற்றித்தான் பதுங்கியிருந்திருக்கும். மிதித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. மிதிக்காவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. பொரிந்த முதல் நாட்களில் குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைக் காக்கத் தெரியாது. தாய் அடிக்கடி வந்து சிறகடியில் அணைத்தால்தான் பிழைக்கும். ஈரமும் காற்றும் அடிக்கும் அந்த உயரத்தில் இருபது நிமிடம் என்பது சின்ன நேரம் அல்ல. அந்தப் படங்களை அழித்துவிட்டேன். எரிச்சல் மட்டும் போகவில்லை.

சென்ற ஜூலையிலும் அதே காட்சி. நான் பாறையில் தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். "அண்ணா, பாவம், அதற்குச் சிறகு முறிந்திருக்கிறது!" என்று கத்தியபடி இருவரில் ஒரு தம்பி பாதையை விட்டு இறங்கிவிட்டான். அப்போதுதான் ஓடினேன்.

பெட்டை தடுமாறினால் நில்லுங்கள். முதலில் உங்கள் காலடியைப் பாருங்கள். வந்த தடத்திலேயே திரும்பிப் பாதைக்கு வந்து, ஐம்பது மீட்டராவது தள்ளிப் போய் உட்காருங்கள். நாங்கள் அப்படி உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் தாய் தாழ்ந்த குரலில் கூப்பிட்டது. வெறும் கல் என்று நினைத்த இடத்திலிருந்து ஐந்து குஞ்சுகள் எழுந்து ஓடின. அதில் ஒன்று தம்பியின் காலடித் தடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவன் வெகுநேரம் பேசவில்லை.

குளிர்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். பனிக்குள் குழி தோண்டிப் படுத்துத் தெம்பைச் சேமிக்கும் பறவை இது. ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. சுவிட்சர்லாந்தில் வனவிலங்கு அமைதி மண்டலங்களை வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் பாருங்கள்.

குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பது

வேண்டாம்.

மலைக்காக்கைக்கு ரொட்டி போடுவது

மஞ்சள் அலகும் சிவந்த காலும் கொண்ட அந்தக் காக்கை மேசைக்கே வரும். அழகுதான். போடாதீர்கள்.

மர்மோட்டின் சீழ்க்கையைக் கேட்டுவிட்டுப் புல்லில் தேடுவது

வளையில் வாழும் அணில் இனத்து விலங்கு மர்மோட். ஒற்றைச் சீழ்க்கை என்றால் உடனே வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கழுகு வந்திருக்கும்.

சுவரேறியைக் கோடையில் மட்டும் தேடுவது

செங்குத்துப் பாறையில் செஞ்சிறகை விரித்து விரித்துத் தாவும் அந்தச் சாம்பல் பறவைக்காக நாள் முழுக்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறார்கள். குளிர்காலத்தில் அது தாழ்நிலத்துக்கு இறங்கி வந்து, கல் குவாரியிலும் பழைய கோட்டைச் சுவரிலும் பூச்சி தேடும். நவம்பர் வந்தால் உங்கள் ஊர்க் கோட்டைச் சுவரை ஒருமுறை நின்று பாருங்கள்.