சபைப் புத்தகமும் கல்லறைக் கற்களும்: அமெரிக்கக் கிராமத்து பாப்டிஸ்ட் சபையின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

அமெரிக்கத் தென்மாநிலக் கிராமம் ஒன்றில் உள்ள பழைய பாப்டிஸ்ட் சபையின் வரலாற்றை எழுத முற்படுகிறவர், கத்தோலிக்க, லுத்தரன் ஆலயங்களில் இருப்பது போன்ற ஞானஸ்நானப் பதிவேட்டை இங்கே தேடக் கூடாது. பாப்டிஸ்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தாமே அறிக்கையிட்டவர்களுக்கு மட்டுமே முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஆகவே பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் சபை ஏட்டில் பெரும்பாலும் இரா. திருமணமும் அடக்கமும்கூட அரிதாகவே எழுதப்பட்டன. ஏட்டில் இல்லாத பிறப்பையும் இறப்பையும் கல்லறைத் தோட்டம் சொல்லும். கல் வைக்க வசதியில்லாமல் புதைக்கப்பட்டவரின் பெயரை ஏடு சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பதே இந்த வேலையின் உயிர்நாடி.

முதலில் தேட வேண்டியது சபையின் நடவடிக்கைக் குறிப்பேடு. ஒவ்வொரு பாப்டிஸ்ட் சபையும் தன்னாட்சி உடையது என்பதால், ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்கும் பேராயர் அலுவலகம் எதுவும் கிடையாது. எனவே அவை பல இடங்களில் சபை எழுத்தரின் வீட்டிலேயே தங்கி, அவருடைய பேரப்பிள்ளைகளின் பெட்டிக்குள் போய்விட்டன. பழைய எழுத்தர்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு அவர்களுடைய குடும்பங்களிடம் விசாரிப்பது வீண்போகாது. நாஷ்வில் நகரில் உள்ள தென் பாப்டிஸ்ட் வரலாற்று நூலகத்திலும், அந்தந்த மாநிலத்து பாப்டிஸ்ட் கல்லூரிகளின் ஆவணக் காப்பகங்களிலும் நுண்படச் சுருள்களாக இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும்.

ஏடு தீயில் போயிருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. சபைகள் தங்களுக்குள் கூடி அமைத்துக்கொண்ட வட்டாரச் சங்கங்கள் ஆண்டுதோறும் தங்கள் நடவடிக்கைகளை அச்சிட்டு வந்தன. வட கரோலினாவின் சாண்டி கிரீக் சங்கம் 1758-இலேயே தோன்றியது. அந்த அச்சேடுகளில் சபையின் பெயருக்கு எதிரே போதகர், பிரதிநிதிகள், அவ்வாண்டு ஞானஸ்நானம் பெற்றவர், வேறு சபையிலிருந்து மாற்றுக் கடிதத்தோடு வந்தவர், அவ்வாறே வேறு சபைக்குப் போனவர், நீக்கப்பட்டவர், இறந்தவர், மொத்த அங்கத்தினர் என எண்கள் வரிசையாக இருக்கும். இவற்றை ஆண்டுவாரியாக ஒரே அட்டவணையில் எழுதினாலே சபையின் வளர்ச்சியும் பிளவும் கண்ணுக்குத் தெரியும். 1830-களில் சபை திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தால், மிஷனெரி அமைப்புகளை ஏற்பதா மறுப்பதா என்ற சர்ச்சையை அங்கே தேடிப் பார்க்கலாம். அவ்வமைப்புகளை மறுத்த ஆதி பாப்டிஸ்டுகள் பிரிந்துபோனது அந்தக் காலத்தில்தான்.

சபை தொடங்கிய ஆண்டைக் குறிப்பதில் அவசரம் கூடாது. அங்கத்தினர்கள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டுச் சபையாக அமைந்த நாள், நிலம் சபையின் அறங்காவலர் பெயருக்கு மாறிய நாள், இப்போதைய கட்டடம் எழுந்த நாள் ஆகிய மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறானவை. நிலப் பத்திரம் மாவட்ட நீதிமன்றப் பதிவகத்தில் கிடைக்கும். கல்லறை நிலம் ஆலய நிலத்தோடு சேர்த்து எழுதப்பட்டதா, அல்லது ஒரு குடும்பத்தின் தனி அடக்க நிலமாக முன்பே இருந்ததா என்பதும் அந்தப் பத்திரத்திலிருந்தே தெரியவரக்கூடும்.

நான் மிகுந்த கவனம் வேண்டும் என்று கருதுவது, அடிமை முறை ஒழிந்த 1865-க்கு முந்தைய அங்கத்தினர் பட்டியலில்தான். அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் பலர் இந்தச் சபைகளில் அங்கத்தினராக இருந்தார்கள். ஏட்டில் அவர்களுடைய முதற்பெயரும், அதையடுத்து உடைமையாளரின் பெயரும் இருக்கும். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களோ உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதையும் பாலினத்தையும் நிறத்தையும் மட்டுமே பெரும்பாலும் தருகின்றன. ஆகவே, ஒரு மனிதர் பெயரோடு பதியப்பட்ட அரிய சில இடங்களில் சபை ஏடும் ஒன்று. அந்த வரிகளை ஒன்றும் விடாமல் படியெடுத்து, விடுதலை பெற்றவர்களை முதன்முதலாகக் குடும்பப் பெயரோடு பரவலாகப் பதிந்த 1870 கணக்கெடுப்போடு ஒப்பிட வேண்டும். விடுதலைக்குப் பின் அவர்கள் வெளியேறி அமைத்த சபை பக்கத்திலேயே இருக்கக்கூடும். அந்தச் சபையின் பெரியவர்களைக் கேட்காமல் எழுதப்படும் வரலாறு பாதி வரலாறே.

இனிக் கல்லறைத் தோட்டம். எதையும் தொடுவதற்கு முன் வரிசைகளுக்கு எண்ணிட்டு வரைபடம் போட வேண்டும். சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் ஒளி விழும் வேளையில், அல்லது கண்ணாடியால் வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டி, ஒவ்வொரு கல்லையும் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். சுண்ணக்கட்டி தேய்ப்பது, சவர நுரை பூசுவது, சலவைக் குளோரின், கம்பித் தூரிகை, உயரழுத்த நீர் ஆகியவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். தூய நீரும் மென்மையான தூரிகையும் போதும். ஆடுகிற கல்லையும் உதிர்கிற கல்லையும் அதுகூடத் தொடக் கூடாது.

கல்லில் இருப்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1840-இல் இறந்தவருக்குப் பளபளப்பான கிரானைட் கல் நின்றால், அதைப் பின்வந்த தலைமுறை நாட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். நீலச் சாம்பல் நிறத்தில், தட்டினால் உள்ளே கூடாக ஒலிக்கும் துத்தநாக நினைவுச்சின்னம் கனெக்டிகட்டின் பிரிஜ்போர்ட்டில் 1874 முதல் 1914 வரை இயங்கிய நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கலாம். அதுவே காலத்தைக் கணிக்க உதவும். இருபதாம் நூற்றாண்டு இறப்புகளை மாநில இறப்புச் சான்றிதழ்களோடு ஒப்பிடலாம். அவை வட கரோலினாவில் 1913-இலும், தென் கரோலினாவில் 1915-இலும், ஜார்ஜியாவில் 1919-இலும் தொடங்குகின்றன. அடக்கம் நடந்த இடமும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

கல்லறைக்கு அடையாளமாக நட்ட எழுத்தில்லாத வயற்கற்களையும், பெட்டி மக்கியதால் கிழக்கு மேற்காக நீண்டு தாழ்ந்த பள்ளங்களையும், கல்லறைகளில் நடப்பட்டுவந்த வின்கா என்னும் பசுமை மாறாத படர்செடி அடர்ந்த ஓரங்களையும் வெற்றிடம் என்று விட்டுவிடாமல் வரைபடத்தில் குறிக்க வேண்டும். தோண்டிப் பார்க்க எண்ணவே வேண்டாம். கல்லறையைக் கலைப்பது சட்டப்படி குற்றம். ஐயம் தீர வேண்டுமானால் தரையூடுருவும் ராடார் கருவியைக் கையாளத் தெரிந்தவரை அழைக்கலாம்.

பட்டியலை எழுதும்போது பெயர் தெரியாத ஒவ்வொரு குழிக்கும் வரிசை எண்ணும் இட எண்ணும் கொடுங்கள். கல்லறை இன்னதென்று தெரியாமல் ஏட்டில் மட்டும் இருக்கும் பெயர்களை, அவர்கள் இறந்த ஆண்டு தெரிந்தால் அதோடும், உடைமையாளர் பெயரால் மட்டும் அறியப்பட்டவர்களை அவர்களுடைய சொந்தப் பெயரை முன்னிறுத்தியும், அதே பட்டியலின் தொடர்ச்சியாகச் சேருங்கள். ஒரு படியைச் சபையிலும், ஒன்றைப் பக்கத்துக் கறுப்பினச் சபையிலும், ஒன்றை மாவட்ட நூலகத்திலும் வையுங்கள்.