சஃபையர் கீறாது, ஆனால் உடையும்: மலைக்கு வாட்ச் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடியிலிருந்து குரங்கணி வழியாக மலையேறத் தொடங்குபவர்களும், போடிமெட்டு வளைவுகளில் சைக்கிள் மிதிப்பவர்களும் முதல் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கும்போது அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார், அதை விட்டுவிடுவோம்.

"சஃபையர் என்றால் உடையாது" என்று நம்புவது

சஃபையர் என்பது வாட்ச் திரையின் மேல் கண்ணாடியாகப் பதிக்கும் செயற்கைப் படிகம். அது உடையாது என்ற நம்பிக்கைக்காகவே பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர்களைப் பார்த்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. கீறல் வேறு, உடைவது வேறு. கீறலைத் தாங்குவதை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் கடினத்தன்மை அளவில் சஃபையர் 9, குவார்ட்ஸ் 7, போன்களிலும் வாட்ச்களிலும் வரும் வலுவூட்டிய கண்ணாடியான கொரில்லா கிளாஸ் ஏறக்குறைய 6. நம் மலைப்பாறையிலும் ஓடை மணலிலும் குவார்ட்ஸ் உண்டு. பாறையில் கை உரசினால் கொரில்லா கிளாஸில் கோடு விழும், சஃபையரில் விழாது. கூடுதல் காசு இதற்கு மட்டும்தான்.

அடி விழும்போது நிலைமை மாறுகிறது. கொரில்லா கிளாஸை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊறவைக்கிறார்கள். சிறிய சோடியம் அயனி வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனி அந்த இடத்தில் நெருக்கி உட்காருவதால் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. வெடிப்பு ஓட வேண்டுமென்றால் இந்த இறுக்கத்தை முதலில் மீற வேண்டும். சஃபையரில் இந்த இறுக்கம் கிடையாது. ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலே போதும், அடுத்த இடிக்கு அங்கிருந்து குறுக்கே பிளக்கும். சாரல் நாளில் கால் வழுக்கிக் கையை ஊன்றும்போது பாறையில் இடிபடுவது பெரும்பாலும் அந்த ஓரம்தான். பல நிறுவனங்கள் கண்ணாடியை மட்டும் மாற்றித் தருவதில்லை. பணம் கட்டி வாட்ச்சையே மாற்ற வேண்டும். அந்தத் தொகையை வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தை. ஏடிஎம் கார்டின் நேரான ஓரத்தை டயலுக்குக் குறுக்கே வையுங்கள். கார்டு இருபுறமும் வளையத்தில் உட்கார்ந்து, நடுவில் வெளிச்சம் தெரிந்தால் நல்லது. கார்டு கண்ணாடியில் பட்டு ஆடினால், அந்த வாட்ச்சில் முதல் அடி கண்ணாடிக்குத்தான்.

இன்னொன்று: சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடித்தால், எதிரொளியைக் குறைக்கும் பூச்சில்லாத சஃபையர் சுமார் 8 சதவீதம் அடிக்கும். உச்சி வெயிலில் திரையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தினமும் பாறையோடு உரசுபவருக்கு சஃபையர் சரி. சாலையில் ஓடுபவருக்கும் சைக்கிள்காரருக்கும் கொரில்லா கிளாஸும் மேலே ஒட்டும் ஒரு டெம்பர்டு கிளாஸும் போதும். கைப்பிடித்து ஏறும் இடங்களில் எந்தக் கண்ணாடியானாலும் கழற்றிப் பையின் தோள்வாரில் கட்டிவிடுங்கள். இதயத்துடிப்பு பதிவாகாது, வழித்தடம் பதிவாகும்.

மிலிட்டரி முத்திரைக்கு மயங்குவது

வாட்ச் பெட்டியில் போடும் மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் பல சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனை என்று எழுதாத முத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

5 ஏடிஎம் என்றால் 50 மீட்டர் ஆழம் என்று நினைப்பது

இல்லை. இங்கே ஏடிஎம் என்பது வளிமண்டல அழுத்த அளவு; 5 ஏடிஎம் என்பது அசையாத நீரின் அழுத்தக் கணக்கு. நீந்தலாம்; சுருளி அருவி நேராகக் கொட்டும் இடத்தில் கழற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் பட்டனை அழுத்தக் கூடாது. சோப்பு நுரையோடு வெந்நீர்க் குளியலும் வேண்டாம், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கெடும்.

டைட்டானியத்தில் கீறலே விழாது என்பது

விழும். எடை குறைவு என்பதற்காக மட்டும் வாங்குங்கள்.

மண்ணோடு துடைப்பது

பனியன் நுனியால் தேய்த்தால் மணல்தான் கொரில்லா கிளாஸை அறுக்கும். முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள், பிறகு ஒற்றி எடுங்கள்.