கலோரிக் கணக்கு சரிதான், கணக்குப் போடும் விதத்தில்தான் தவறு

எடை குறைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். ஒரு கட்சிக்கு எல்லாமே கூட்டல் கழித்தல்தான், செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறைந்தே தீரும், குறையவில்லை என்றால் நீ ஒளித்துச் சாப்பிடுகிறாய் என்பார்கள். இன்னொரு கட்சிக்குக் கலோரி என்பதே ஏமாற்று வேலை, இன்சுலின்தான் எல்லாம், சோற்றை விட்டுவிட்டால் நெய்யும் கறியும் எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது. இரண்டில் எதை முழுசாக நம்பினாலும் உடம்புதான் கெடும். எடை ஏறுவதையும் இறங்குவதையும் கடைசியில் முடிவு செய்வது கலோரி வரவு செலவுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வரவும் செலவும் நாம் தாளில் எழுதி வைத்த இடத்திலேயே நிற்பதில்லை. என்ன சாப்பிடுகிறோம், எப்படித் தூங்குகிறோம், எவ்வளவு அவசரமாகக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். இதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில், கலோரியே பொய் என்று தூக்கிப் போடும் தவறு. அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப் 2010-ல் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். சாப்பாட்டில் பெரும்பகுதி கிரீம் கேக், சிப்ஸ், குக்கி மாதிரி தின்பண்டங்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,800 கலோரிக்கு மேல் போகவில்லை. 10 வாரத்தில் 12 கிலோ குறைந்தார். அப்படிச் சாப்பிடுவது நல்லது என்று அவரே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மொத்தம் குறைந்தால் எடை குறையும் என்பது மட்டும் இதில் தெளிவு. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு நடத்திய பெரிய ஆய்வும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் சாய்கிறது. 609 பேரில் பாதிப்பேருக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, மீதிப்பேருக்குக் கொழுப்பு குறைந்த உணவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ இறங்கியிருந்தார்கள், சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. யாருக்கு இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார்கள், அதை வைத்தும் யாருக்கு எந்த உணவு பொருந்தும் என்று சொல்ல முடியவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு குழுவுக்குமே கலோரி எண்ணச் சொல்லவில்லை. காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைவு, வீட்டில் சமைத்தது என்றுதான் சொன்னார்கள். மொத்தம் தானாகக் குறைந்தது.

அடுத்தது, எழுதி வைத்த எண்ணை அப்படியே நம்புவது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு உண்மையான செலவையும் வரவையும் ஆய்வகத்தில் அளந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றம் சாதாரணமாகத்தான் இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். இதைக் காட்டி 'பார்த்தாயா, எல்லாம் பொய்' என்று திட்டுகிறவர்கள் உண்டு, அது எனக்குப் பிடிக்காது. அவர்கள் மனதறிந்து பொய் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளக் காரணம் இல்லை. கண்ணளவில் உணவை மதிப்பிடுவது யாருக்குமே வராது, உணவியல் படித்தவர்கள்கூடத் தடுமாறுவார்கள்.

நம் சமையலில் இது இன்னும் கஷ்டம். செல்போன் செயலியில் அரிசி என்று தேடினால் பச்சையாக எடை போட்ட அரிசிக்கு 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் காட்டும், வெந்த சோற்றுக்கு 130 அளவில் காட்டும். அரிசியை அளந்து உலையில் போட்டுவிட்டு, செயலியில் சோறு என்பதைத் தொட்டால் கணக்கு மூன்றில் ஒரு பங்காகிவிடும். தலைகீழாகச் செய்தால், ஒரு தட்டுச் சோறு ஆயிரம் கலோரி என்று பயந்து சாப்பாட்டையே வெறுத்துவிடுவீர்கள். எண்ணெய் இதைவிட மோசம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி, தாளிக்கும்போது யாரும் கரண்டியால் அளப்பதில்லை, பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிறோம், தோசைக்குச் சுற்றி விடுகிறோம், பொரியல், குழம்பு, சட்னி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. தினம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், மாதத்துக்கு வீட்டில் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று பாருங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 270 கலோரி எண்ணெயில் மட்டுமே போகிறது. நெய், தேங்காய், கடையில் வாங்கிய வடை எதுவும் இதில் சேரவில்லை. இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டு எண்ணெயைப் பாதியாக்கினாலே பல வீடுகளில் எல்லாருக்கும் சேர்த்து நல்லது நடக்கும்.

பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணும் தோராயம்தான். பாதாம் நல்ல உதாரணம். முழுப் பாதாமை மென்று தின்றால் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியே போய்விடுகிறது. 2012-ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் அளந்தபோது 28 கிராம் பாதாமில் உடம்புக்குக் கிடைத்தது ஏறக்குறைய 129 கலோரி, வழக்கமான கணக்கோ 170 பக்கம். அதனால் 1,437 கலோரி சாப்பிட்டேன் என்று கடைசி இலக்கம்வரை எழுதி வைப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, 7,700-ஐ வைத்து நேர்கோடு போடுவது. ஒரு கிலோ குறைய 7,700 கலோரி குறைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958-ல் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று எழுதியதன் கிலோ வடிவம் அது. கொழுப்புத் திசுவில் இருக்கும் ஆற்றல் என்ற அளவில் தப்பில்லை. ஆனால் தினம் 500 குறைத்தால் வருடத்துக்கு 24 கிலோ என்று பெருக்கிப் போடும்போது தப்பாகிறது. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2011-ல் வெளியிட்ட கணித மாதிரிப்படி முதல் வருடத்தில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதிதான். சம்பளம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குகிற மாதிரி உடம்பும் சுருக்குகிறது. எடை குறைந்த உடம்பை நடத்த ஆற்றல் குறைவாகப் போதும், அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது, கைகால் ஆட்டுவது, எழுந்து நடப்பது எல்லாம் நமக்கே தெரியாமல் குறைகிறது, பசியோ கூடுகிறது. 1944-45-ல் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்த சோதனையில், எடை கால் பங்கு குறைந்தது மட்டுமில்லை, அவர்கள் எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கி, சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொலைக்காட்சி எடைகுறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை 6 வருடம் கழித்துச் சோதித்தபோது, ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்தது எதிர்பார்த்ததைவிட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாக இருந்தது, இழந்த எடையில் பெரும்பகுதியும் திரும்பியிருந்தது. அது 2016-ல் வந்த ஆய்வு. மூன்றாவது மாதம் எடை நின்றுவிட்டது என்றால் உங்கள் உறுதி போய்விட்டது என்று உடனே நினைக்க வேண்டாம், புது எடைக்குப் புதுக் கணக்கு போடுங்கள், முடிந்தால் முதலிலிருந்தே மெதுவாகக் குறையுங்கள்.

நடைப்பயிற்சியில் செலவானதைச் சாப்பாட்டில் ஈடுகட்டுவது இன்னொரு பழக்கம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 250 கலோரிக்குள்தான், அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கக்கூடியது ஒரு பங்கு. நடை முடிந்து நண்பர்களோடு கடையில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காப்பியும் சாப்பிட்டால் தீர்ந்தது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி அதைச் செய்யவே கூடாது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் 7 கருவிகளைச் சோதித்தபோது, கலோரி விஷயத்தில் அவற்றில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். உடற்பயிற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சர்க்கரைக்கும், இதயத்துக்கும், தசைக்கும், குறைத்த எடை திரும்பாமல் இருப்பதற்கும் அது வேண்டும்.

சரி, மொத்தம்தானே முக்கியம், அப்புறம் எதைச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பது அடுத்த தவறு, என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. 2019-ல் அதே கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். ஆலை உணவு கிடைத்தபோது நாளுக்கு 500 கலோரி அளவுக்கு அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். யாரும் அவர்களை அதிகம் சாப்பிடச் சொல்லவில்லை. சாயங்காலம் டீயோடு பிஸ்கட் வைத்தால் பாக்கெட் தீரும்வரை கை போகும், அதே நேரத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் போதும் என்று வயிறே சொல்லிவிடும். புரதத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு, அதிலுள்ள ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிறது, மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 3-க்குள். இப்போது எல்லாரும் பேசும், எடை குறைக்கப் போடும் செமாக்ளூட்டைட் ஊசி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2021-ல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் எடையில் சராசரியாக ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தது, முக்கியமான காரணம் பசி அடங்கிச் சாப்பாடு குறைந்ததுதான். வரவு செலவு மாறாமல் இந்த எடை இறங்கவில்லை, அதே சமயம் வரவைத் தீர்மானிப்பது பசி, அதை மனஉறுதியால் மட்டும் வருடக்கணக்கில் அடக்க முடியாது.

இறங்கியது கொழுப்பா, தசையா, தண்ணீரா என்று பார்க்காமல் தராசை மட்டும் பார்ப்பதும் தப்பு. சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ போவதில் பெரும்பங்கு தண்ணீர், ஏனென்றால் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது, அதில் ஒரு கிராமோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். உப்பு அதிகமான மறுநாள் எடை ஏறும், பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி ஏறும். வாரச் சராசரி பாருங்கள். தூக்கமும் இதில் சேர்கிறது. 2010-ல் ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைந்த உணவு சாப்பிட்டவர்களை இரவில் 8.5 மணி நேரம் படுக்கவிட்டபோதும் 5.5 மணி நேரம் மட்டும் விட்டபோதும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது, ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது, மீதியெல்லாம் பெரும்பாலும் தசை பக்கத்து இழப்பு.

நமக்கு இது கூடுதலாக முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ., உயரத்தோடு ஒப்பிட்டு எடையைப் பார்க்கும் அளவு) ஒன்றேதான், 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பது இந்திய உடம்பில் சாதாரணமாகக் காண்பது. பட்டினி போட்டுத் தசையையும் சேர்த்து இழந்தால் எடை குறைந்தும் சர்க்கரை நோய் ஆபத்து எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. அதனால் ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, முட்டை, மீன், தயிர், பயறு என்று ஏதாவது ஒன்றும், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்குகிற பயிற்சியும் வேண்டும். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள், ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே என்பது நமக்கான வரம்பு.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏறிக்கொண்டே போனால் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஸ்டீராய்டு, மனநல மருந்துகளில் சில, இன்சுலின் எல்லாம் எடையைக் கூட்டலாம், தைராய்டு குறைபாட்டிலும் சில கிலோ ஏறும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. குறிப்பாக, இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மட்டும் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், உணவைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.