கலவைக் கணக்குகள்: கரைந்திருக்கும் பொருளைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும்

‘20 விழுக்காடு செறிவுள்ள சர்க்கரைக் கரைசலையும் 50 விழுக்காடு செறிவுள்ள சர்க்கரைக் கரைசலையும் கலந்து, 30 விழுக்காடு செறிவில் 30 கிலோ கரைசல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ எடுக்க வேண்டும்?’

இத்தகைய கணக்கைக் கண்டதும் 20, 50, 30 ஆகிய எண்களை எப்படியாவது கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் விழுக்காடுகளை நேரடியாகக் கூட்டவே கூடாது. கரைசல்களைக் கலக்கும்போது கூடுவது அவற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையின் எடைதான்; எனவே கணக்கு முழுவதும் அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது, எங்கே சேர்ந்தது என்பதை மட்டுமே நாம் கவனிக்கப் போகிறோம். இதற்கு வேண்டிய வாய்பாடு ஒன்றுதான்: கரைபொருளின் எடை = கரைசலின் எடை × செறிவு.

முதல் படி, தெரியாத அளவுக்குப் பெயரிடுவது. 20 விழுக்காடு கரைசலின் எடையை ‘க’ கிலோ என்போம். மொத்தம் 30 கிலோ என்பதால் மற்றொன்றின் எடை (30 − க) கிலோ ஆகும். இரண்டு மாறிகளை வைத்தும் செய்யலாம்; எனினும் தொடக்கநிலையில் ஒரே மாறியில் நிற்பதே பிழையைக் குறைக்கும் என்பது என் கருத்து.

இரண்டாம் படி, ஒவ்வொரு கரைசலிலும் உள்ள சர்க்கரையைத் தனித்தனி வரியில் எழுதுவது.

முதல் கரைசல்: 0.2க
இரண்டாம் கரைசல்: 0.5(30 − க)
இறுதிக் கரைசல்: 0.3 × 30 = 9

மூன்றாம் படியில், முதல் இரண்டு வரிகளின் கூட்டுத்தொகை மூன்றாவது வரிக்குச் சமம் என்று எழுதினால் சமன்பாடு கிடைத்துவிடும்:

0.2க + 0.5(30 − க) = 9
0.2க + 15 − 0.5க = 9
0.3க = 6
க = 20

ஆகவே 20 விழுக்காடு கரைசலில் 20 கிலோவும், 50 விழுக்காடு கரைசலில் 10 கிலோவும் தேவை. சரிபார்த்தால் 4 கிலோ சர்க்கரையும் 5 கிலோ சர்க்கரையும் சேர்ந்து 9 கிலோ வருகிறது.

இங்கே மிகுதியாக நேரும் பிழை ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அடைப்பை நீக்கும்போது 0.5-ஐ 30-ஆல் மட்டும் பெருக்கிவிட்டு ‘க’வை அப்படியே விட்டுவிட்டால், 0.2க + 15 − க = 9 என்றாகி, க = 7.5 என்ற விடை வரும். விடை தவறு என்பதை மறுபடியும் கணக்குப் போடாமலேயே கண்டுபிடிக்கலாம். நமக்கு வேண்டிய 30 என்பது 50-ஐவிட 20-க்கு அருகில் இருக்கிறது. எனவே 20 விழுக்காடு கரைசல்தான் அதிகமாகத் தேவைப்படும். 7.5 கிலோ அதற்கு நேர்மாறாக நிற்கிறது. சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்பே இந்த மதிப்பீட்டைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டரை விட்டுக் கிலோவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எடைகள் எப்போதும் துல்லியமாகக் கூடும். கனஅளவுகள் அப்படிக் கூடுவதில்லை. 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 100 மில்லிலிட்டருக்குச் சில மில்லிலிட்டர் குறைவாகவே கிடைக்கும். பாடநூல் கணக்குகள் இந்தச் சுருக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அங்கே லிட்டரில் கேட்டாலும் இதே முறையில் செய்யலாம்.

வெறும் நீரைச் சேர்க்கும் கணக்கு இன்னும் எளியது, ஏனெனில் நீரின் செறிவு 0. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. 40 கிலோ கடல்நீரை 2 விழுக்காடாக நீர்க்கச் செய்ய எவ்வளவு நன்னீர் வேண்டும்? உப்பு 1.4 கிலோ, அது மாறாது. 0.02(40 + க) = 1.4 என்பதால் 40 + க = 70, க = 30 கிலோ. நீரை ஆவியாக்கும் கணக்கில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் வரும், அவ்வளவுதான்.

ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு வேறொன்றை நிரப்பும் கணக்குதான் பலரையும் தடுமாற வைக்கிறது. 20 விழுக்காடு கிளிசரின் கரைசல் 10 கிலோ இருக்கிறது. அதில் ஒரு பகுதியை நீக்கி, அதே எடைக்குத் தூய கிளிசரினை ஊற்றி, செறிவை 50 விழுக்காடாக உயர்த்த வேண்டும். நீக்கும்போது நீர் மட்டும் போவதில்லை, அதனுடன் கிளிசரினும் போகிறது என்பதை மறந்துவிடுவதே இங்குள்ள சிக்கல். ‘க’ கிலோவை நீக்கினால் எஞ்சும் கரைசல் (10 − க) கிலோ. அதில் கிளிசரின் 0.2(10 − க). பிறகு சேர்ப்பது முழுக்கக் கிளிசரின் என்பதால் அது ‘க’ கிலோவே.

0.2(10 − க) + க = 5
2 + 0.8க = 5
க = 3.75

3.75 கிலோவை நீக்கிய பின் எஞ்சும் 6.25 கிலோவில் 1.25 கிலோ கிளிசரின் இருக்கும். அத்துடன் ஊற்றிய 3.75 கிலோவைக் கூட்டினால், 10 கிலோவில் சரியாக 5 கிலோ.