எல்லைக்குள் ஆடும் புள்ளியைத் துரத்தாதீர்கள்

சிங்கப்பூரின் துவாஸ், உட்லண்ட்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் கட்டுப்பாட்டு வரைபடம் பழகிய ஒன்று. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக்கோடுகள், ஷிப்ட் முழுக்க எடுத்த அளவுகள் வரிசையாகப் புள்ளிகளாக. 1924இல் அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் இதை உருவாக்கியது ஒரே கேள்விக்காக: இந்த ஏற்ற இறக்கம் செயல்முறையின் இயல்பா, புதிதாக ஏதாவது நுழைந்துவிட்டதா?

அதை மறந்து, புள்ளி அசையும்போதெல்லாம் இயந்திரத்தைத் திருகுவதுதான் பெரிய தவறு. 500 மில்லிலிட்டர் போத்தல் நிரப்பும் இயந்திரம் 502 காட்டுகிறது. ஆபரேட்டர் உடனே 2 குறைக்கிறார். அடுத்தது 499, 1 கூட்டுகிறார். பார்ப்பதற்குப் பொறுப்பான வேலைதான். ஆனால் நிலையாக ஓடும் இயந்திரத்தை இப்படி ஒவ்வொரு அளவுக்கும் ஈடுகட்டினால் திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு) ஏறக்குறைய 41 சதவீதம் கூடிவிடும். தர மேலாண்மை நிபுணர் டெமிங், புனல் வழியே கோலிக்குண்டை ஓர் இலக்கின் மீது போட்டு, ஒவ்வொரு முறையும் புனலை நகர்த்திப் பார்க்கும் தம் புனல் சோதனையில் இதைக் கண்முன்னே காட்டினார். எல்லைக்குள் இருக்கும் ஒற்றைப் புள்ளிக்காக இரவு ஷிப்ட் ஊழியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதும் இதே தவறுதான். இல்லாத காரணத்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

அடுத்தது, வாடிக்கையாளர் தந்த அளவுகளையே எல்லைக்கோடாக வரைவது. அவர் கேட்பது 490 முதல் 510 வரை என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் எல்லையோ அதன் அளவுகளிலிருந்தே வர வேண்டும். சராசரி 500, அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் சராசரி 1.5 என்றால், அதை 2.66 என்ற நிலையான எண்ணால் பெருக்குங்கள். ஏறக்குறைய 4 வரும். எல்லைகள் 496, 504. இப்போது 506 வந்தால் வரைபடம் எச்சரிக்கும். 510இல் கோடு போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு மாத அளவுகளை மொத்தமாகக் கொட்டி எக்செல்லில் திட்டவிலக்கம் எடுப்பதும் ஆபத்து: பகல், இரவு ஷிப்டுகளின் சராசரி வேறுபட்டால் அந்த வேறுபாடும் சேர்ந்து எல்லைகளை அகலமாக்கிவிடும்.

எல்லையைத் தாண்டும் புள்ளியை மட்டும் தேடுவதும் போதாது. தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக் கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லாம் எல்லைக்குள் இருந்தாலும் செயல்முறை நகர்ந்துவிட்டது என்று கொண்டு காரணத்தைத் தேடுங்கள். நிரப்பும் குழாய் முனையை மாற்றியது, புதிய மூலப்பொருள் வந்தது போன்றவற்றை அந்தந்தப் புள்ளியின் அருகிலேயே நேரத்தோடு குறித்துவைத்தால்தான் அந்தத் தேடல் கைகூடும். மாற்றத்தின் காரணம் தெரிந்து, அது நிலைத்தும்விட்டது என்று உறுதியான பிறகே எல்லைகளைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.