பழைய விண்டேஜ் போர்ட்டை இறுத்துக் குடிக்கும் முறை

என் மனைவியின் நாற்பதாவது பிறந்தநாளுக்கென்று, அவள் பிறந்த 1985ஆம் ஆண்டு விண்டேஜ் போர்ட் (ஒரே ஆண்டு அறுவடையில் செய்த இனிப்பு ஒயின்) பாட்டில் ஒன்றை ஆறு வருடம் படுக்கவைத்துக் காத்திருந்தேன். பழைய போர்ட்டை முதன்முதலில் திறப்பவர்களுக்காக, அதைத் திறந்த விதத்தைச் சொல்கிறேன்.

போர்த்துகலின் டூரோ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சை பாதி நொதிக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். இனிப்பு அப்படியே தங்கிவிடும். ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விண்டேஜ் வகையை இரண்டு வருடம் போல மரத்தில் வைத்துவிட்டு, வடிகட்டாமலே பாட்டிலில் அடைப்பார்கள். மீதிக் காலமெல்லாம் பாட்டிலுக்குள்தான். அதனால்தான் அவ்வளவு மண்டி. பீப்பாயிலேயே முதிரும் ‘டானி’ என்ற போர்ட் வகைக்கு இந்த வேலையே வேண்டாம்.

முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். நான் இரண்டு நாள் வைத்தேன். சில பழைய பாட்டில்களில் ஒரு பக்கம் வெள்ளைச் சாயம் தீற்றியிருக்கும். படுத்திருந்தபோது மேலே இருந்த பக்கம் அது. மண்டி அதற்கு எதிர்ப்பக்கத்தில் படிந்திருக்கும். ஊற்றும்போதும் வெள்ளை மேலே இருக்கட்டும்.

தக்கைதான் பெரிய சோதனை. முன்பு ஒருமுறை அவசரப்பட்டுத் திருகி இழுத்ததில் பாதித் தக்கை தூளாகி உள்ளே விழுந்தது. அன்றிலிருந்து திருகாணியைத் தொடுவதில்லை. இரண்டு தகடு உள்ள திறப்பானைத் தக்கையின் இருபுறமும் மெதுவாக இறக்கி, திருகிக்கொண்டே தூக்குகிறேன். அப்படியும் உடைந்தால் பயப்படாதீர்கள். அலசிக் காயவைத்த மல் துணியைப் புனலில் போட்டு வடிகட்டிக்கொள்ளலாம். சோப்பு வாசனை துளிகூட இருக்கக் கூடாது.

அப்புறம் இறுப்பது. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் டார்ச் விளக்கை வைத்து, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரே சீராகச் சாய்த்துக்கொண்டே போங்கள். நடுவில் நிமிர்த்தவே கூடாது. நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். முதலில் மாணிக்கச் சிவப்பாகத் தெளிந்து ஓடும். கடைசியில் புகை மாதிரி ஓர் இழை கழுத்தை நோக்கி நகரும். அதைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். அடியில் இரண்டு விரல் அளவு நின்றுவிட்டதே என்று மனசு அடித்துக்கொள்ளும். பரவாயில்லை, அது நாக்கில் நறநறவென்று கசக்கும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஊற்றியவுடன் சாராய நெடிதான் முந்தியது. அரை மணி கழித்து உலர்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், பிறகு தேயிலைத் தூள் வாசனை. கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம். ஒரு மிடறை வாயில் நிறுத்தினேன்: இனிப்பு முதலில், பின்னால் லேசான துவர்ப்பு, விழுங்கிய பிறகும் நெடுநேரம் வால்நட் ருசி.

இவ்வளவு வயதானதை இறுத்த பிறகு ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும். நாங்கள் ஸ்டில்டன் பாலாடைக்கட்டியோடு அன்றிரவே முக்கால்வாசியை முடித்தோம். மிச்சத்தை மறுநாள் அவள் குடித்தாள்.